பல் டாக்டர்கள் விருந்தும் புரோப்பனால் விளக்குகளும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் உடம்பும், நீங்கள் கழற்றி மாட்டுகிற பஸ் எஞ்சின்களும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

போன தடவை நீங்கள் கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டீர்கள், நினைவிருக்கிறதா? ஒரு கால் பஸ் படியில், ஒரு கால் தரையில். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும், "வரேன் மச்சான், அவளப் பாத்துக்கங்க" என்று சொல்லியிருப்பார்கள். நீங்களோ, "மச்சான், எரியறதெல்லாம் எரியறதுதானே? அப்புறம் ஏன் டீசல் இழுக்கற இழுவைய ஸ்பிரிட்டு இழுக்க மாட்டேங்குது?" என்று கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். "எழுதறேன் மாப்பிள்ளை!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன். பக்கத்தில் இருந்தவர்கள், யாரோ பாசம் தாங்காமல் ஓடுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பதிலை இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்பீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

முதலில் வீட்டு விஷயம். நீங்கள் எனக்கு எழுதியதைப் படித்தேன். தங்கை இங்கே தனியாகக் கிடந்து கேட்டரிங் வேலையில் அலைகிறாள், நீங்கள் அங்கே ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறீர்கள், அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லிக் கடையை மூட வைத்து அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அவளுடைய சமையல் கூடத்துக்குள் நுழைந்து "மூடிவிடு" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவள் கையில் எப்போதும் கரண்டி இருக்கிறது.

தவிர, உங்கள் இருவருக்குள் நடந்த பந்தயமும் என் காதுக்கு வந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர்கள் சங்கத்துக்கு மதிய விருந்து. இருநூறு பேர். அவள் எடுத்ததிலேயே பெரிய வேலை. போனில் உங்களிடம் அவள் சொன்னதை எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்: "இது நல்லபடியா முடிஞ்சா கடையை மூடுற பேச்சையே நீங்க எடுக்கக் கூடாது. சொதப்புச்சுன்னா மறுநாளே அண்டா குண்டாவெல்லாம் குடுத்துட்டு உங்ககிட்ட வந்துடறேன்." நீங்களும் "சரி, பாப்போம்" என்று சொல்லிவிட்டீர்களாம். மாப்பிள்ளை, இதில் நான் யார் பக்கமும் இல்லை. ஆனால் அந்தச் சமையல் கூடத்தை நீங்கள் இப்போது பார்க்க வேண்டும். அச்சகம் இருந்த அந்தப் பழைய இடத்தின் சுவரில் இன்னும் மை வாடை போகவில்லை. அதற்கு மேல் வெங்காய வாடை ஏறியிருக்கிறது. நடுவில் அவள் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு நிற்கிறாள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருவரும் நின்றதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விருந்து நடக்கும் ஹாலில் கேஸ் அடுப்பு கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மின்சாரத்துக்கும் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். அதையும் டீ கொதிகலன் பிடித்துக்கொள்ளும். அதனால் உணவு சூடாக இருக்க, பஃபே பாத்திரத்துக்கு அடியில் எரிகிற ஸ்பிரிட் விளக்குகள்தான் கதி. நீங்கள்கூட ஒரு முறை அவற்றுக்குத் திரி மாற்றிக் கொடுத்தீர்கள். மேலே உணவுத் தட்டு, அதன் கீழே தண்ணீர்த் தட்டு, அதற்கும் கீழே விளக்கு. வழக்கமாக அதில் எத்தனால் ஊற்றுவாள். இந்த வாரம் பார்த்து, ஸ்பிரிட் விற்கிற கடையில் எத்தனால் ஒரு சொட்டுகூட இல்லை.

கடைக்காரர் வேறு இரண்டைக் காட்டினார். ஒன்று மெத்தனால். அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது விஷம், அதன் ஆவியை மூச்சில் இழுப்பதும் ஆகாது, பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இன்னொன்று புரோப்பனால், இயந்திரங்களைத் துடைக்க வாங்கிப் போவார்களே, அது. ஆனால் இருந்த சரக்கு எல்லா விளக்குகளையும் நிரப்பப் போதாது. மூன்றில் இரண்டு பங்குதான் வரும். தங்கை உடனே மீதிக்கு அடுத்த ஊர் வரை போய்த் தேடக் கிளம்பினாள். நான்தான் நிறுத்தினேன்.

ஏன் என்று கேளுங்கள். இதிலேயே உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

இந்த ஆல்கஹால்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ரயில் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மெத்தனால் ஒரு பெட்டி மட்டும் கொண்ட ரயில், அதாவது ஒரு கார்பன். எத்தனாலுக்கு இரண்டு பெட்டி. புரோப்பனாலுக்கு மூன்று. எரிவது என்றால் என்ன? பெட்டியில் உள்ள கார்பனும் ஹைட்ரஜனும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு கைகோப்பது. அந்தக் கைகோப்பில்தான் சூடு வெளியே வருகிறது. ஒவ்வொரு பெட்டி சேரும்போதும் ஏறக்குறைய ஒரே அளவு சூடு கூடும். மெத்தனால் மூலக்கூறுகளை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையில் எரித்தால் ஏழு பங்கு சூடு வருகிறது என்று வையுங்கள். அதே எண்ணிக்கையில் எத்தனால் பதினான்கு பங்கு தரும், புரோப்பனால் இருபது பங்கு தரும். மூலக்கூறு பெரிதாகப் பெரிதாகச் சூடும் பெரிது.

பதினான்கு எங்கே, இருபது எங்கே! ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அப்படியானால் விளக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றினாலே போதுமே! தங்கை கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, "நெஜமாத்தானா அண்ணா?" என்றாள். "இத்தனை வருஷம் போர்டுல எழுதிப் போட்ட கணக்கும்மா, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்" என்றேன். அவள் அலைச்சல் மிச்சம் என்று நிம்மதியாகச் சமையலைப் பார்க்கப் போய்விட்டாள். சமையல்காரர் கேப்டன் (ஒரு காலத்தில் கப்பலில் சமைத்தவர், கூடத்துத் தரையை இன்னும் 'டெக்' என்றுதான் சொல்வார்) எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். ஒரு வாத்தியாருக்கு ஓய்வுக்குப் பிறகு இதைவிட என்ன வேண்டும்?

விருந்து முடிந்ததும் எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். என் ஆசி உங்கள் இருவருக்கும், தனித்தனியாக அல்ல, சேர்த்தே.

உங்கள் மச்சான்

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விருந்து முடிந்துவிட்டது. யார் ஜெயித்தது என்று முதல் வரியிலேயே தேடுவீர்கள் என்று தெரியும். முடிவை முதலில் சொன்னால் நடுவில் இருக்கும் பாடத்தை யாரும் படிப்பதில்லை. வகுப்பில் பட்ட அனுபவம். ஆகவே பொறுமையாக வாருங்கள்.

காலையிலேயே ஹாலுக்குப் போய்விட்டோம். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பல் படம் தொங்கியது. சாப்பாட்டு மேசை நீளமாக, வெள்ளை விரிப்போடு, ஜன்னல் ஓரமாக. சோறு, சூப், காய்கறி, கோழி, மீன் என்று பாத்திரங்கள் வரிசையாக நின்றன. பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்து வரும் நேரத்தைத் தங்கை கணித்து, விளக்குகளை ஏற்றச் சொன்னாள். நான் மேசைக் கோடியில் உட்கார்ந்து காகிதக் கைக்குட்டைகளை முக்கோணமாக மடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைத்தான் என்னை நம்பிக் கொடுத்திருந்தாள்.

அப்போது மீன் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சச்சரவு. தங்கை குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். "கேப்டன், இந்தத் தட்டுல ஏன் மீன் கம்மியா இருக்கு? மத்த தட்டுல இருக்கறதுல பாதிதான் இருக்கு."

கேப்டன் கோபித்துக்கொண்டார். "யம்மா, எடை போட்டுத்தான் வெச்சேன், கொறையல. இது பெரிய மீனு. மீனு பெருசா இருந்தா கிலோவுக்கு எண்ணிக்க கொறையுமா கொறையாதா? இதப் போயி ஒரு கேள்வின்னு கேக்கறீங்களே!"

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க, மைக்கே தேவையில்ல போல" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை, என் கையில் பாதி மடித்த கைக்குட்டை அப்படியே நின்றுவிட்டது.

பெரிதாக இருந்தால் கிலோவுக்கு எண்ணிக்கை குறையும்! நான் சொன்ன ஏழு, பதினான்கு, இருபது எல்லாம் எண்ணிக்கைக் கணக்கு. இத்தனை எத்தனால் மூலக்கூறுகளுக்கு இத்தனையே புரோப்பனால் மூலக்கூறுகள் என்று ஒன்றுக்கு ஒன்றாக வைத்துப் பார்த்த கணக்கு. வேதியியல் வாத்தியார்கள் எல்லோருக்கும் அப்படித்தான் பழக்கம். எண்ணிக்கை சொல்லாமல் எங்களுக்கு மூச்சே வராது. ஆனால் விளக்கில் யாராவது மூலக்கூறுகளை எண்ணியா போடுகிறார்கள்? ஊற்றுகிறார்கள்! புரோப்பனால் பெரிய மீன். ஒரு டம்ளர் புரோப்பனாலில், ஒரு டம்ளர் எத்தனாலில் இருப்பதைவிட மூலக்கூறுகள் குறைவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகச் சூடு தருகிறது, ஆனால் ஆட்களே குறைவு. ஒன்றரை மடங்கு என்று நான் பெருமையாகச் சொன்னதில், அந்தக் கூடுதல் அரையில் முக்கால்வாசி அங்கேயே அடிபட்டுப் போகிறது.

கைக்குட்டையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் எத்தனால் முப்பது பங்கு சூடு என்றால் ஒரு கிராம் புரோப்பனால் முப்பத்து மூன்று சொச்சம். கொஞ்சம்தான் அதிகம். நான் ஊற்றச் சொன்னதோ மூன்றில் இரண்டு. இரண்டையும் பெருக்கினால் வருவது முக்கால். அதாவது விருந்தில் முக்கால்வாசி வரைதான் விளக்கு எரியும். கடைசியில் வருகிறவர்களுக்கு ஆறின சோறு, ஆறின மீன். பல் டாக்டர்களுக்கு ஆறின மீனைப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு இவள் கடை நடத்துவாள்? பந்தயம் அங்கேயே முடிந்தது. அதுவும் என் கணக்கால்.

எழுந்து போய் அவள் காதில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது. பிறகு, "அண்ணா, திட்டறதுக்கு இப்ப நேரமில்ல, சாயங்காலம் வெச்சுக்கறேன். எவ்வளவு கொறையுது, அத மட்டும் சரியாச் சொல்லு" என்றாள்.

"கால்வாசி."

"இந்த தடவ எண்ணிச் சொல்றியா, நிறுத்துச் சொல்றியா?"

"நிறுத்தும்மா. சத்தியமா நிறுத்து."

மேடையில் சங்கத் தலைவர் ஈறுகளின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்திருந்தார். தங்கை அவரை ஒரு தடவை பார்த்தாள், விளக்குகளை ஒரு தடவை பார்த்தாள். "இவரு இப்போதைக்கு எறங்க மாட்டாரு. யாரும் சாப்பிடாதப்ப எதுக்கு வெளக்கு எரியணும்? எல்லாத்தையும் மூடி போட்டு அணைங்க" என்றாள். அதுவரைக்கும் சூடு நிற்குமா என்று என்னைக் கேட்டாள். தண்ணீர்த் தட்டில் கொதிக்கிற தண்ணீர் இருந்தால் நிற்கும் என்றேன். தண்ணீரைப் போல் சூட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற பொருள் உலகத்தில் அதிகம் இல்லை. மேல் மூடியை மட்டும் திறக்கக் கூடாது.

அவ்வளவுதான். கேப்டன் டீ கொதிகலனுக்கு ஓடினார். "டீக்கு என்னம்மா பண்றது?" என்று கேட்டார். "சாப்பிட்டு முடிச்சு வாய் கொப்பளிக்கட்டும், அதுக்குள்ள வேற தண்ணி கொதிச்சுடும். அதச் சொல்றதுதானே அவங்க தொழிலு!" என்றாள். இருவரும் சேர்ந்து, ஆறத் தொடங்கியிருந்த தண்ணீரை எடுத்துவிட்டு ஒவ்வொரு தட்டிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். அதற்காகத் தட்டுகளைத் தூக்கியபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. தண்ணீர்த் தட்டுகளின் அடியெல்லாம் கன்னங்கரேல் என்று கரி. பெரிய மூலக்கூறு எரிய மூச்சும் அதிகம் வேண்டும். போதுமான காற்று கிடைக்காவிட்டால் முழுதாக எரியாமல் மஞ்சளாகப் புகைந்து கரியைத் துப்பும். துப்பின கரியெல்லாம் நமக்கு வர வேண்டிய சூடுதான், உங்கள் எஞ்சின் கரும்புகை கக்கும்போது நீங்கள் திட்டுவீர்களே, அதே நஷ்டம். தங்கை அணைந்த விளக்குகளின் திரியைக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டினாள். ஒன்றை ஏற்றிப் பார்த்தபோது தீ சின்னதாக, ஓரளவு நீலமாக நின்றது.

தலைவர் ஒருவழியாக ஈறுகளை விட்டு இறங்கினார். விளக்குகளை ஏற்றினோம். எனக்குப் புது வேலை கிடைத்தது: மூடி வாத்தியார். ஒருவர் பரிமாறிக்கொண்டு நகர்ந்ததும் அடுத்தவர் வருவதற்குள் பாத்திரத்தை மூட வேண்டும். திறந்து வைத்துக்கொண்டு அரட்டை அடித்தவர்களிடம், "மூடுங்க டாக்டர், மூடுங்க" என்று பழைய குரலில் அதட்டினேன். ஒரு வயதான டாக்டர் தட்டோடு நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாழ்நாள் பூரா நான் எல்லாரையும் தெறங்க தெறங்கன்னு சொல்லிட்டிருக்கேன். மூடுங்கன்னு எங்கிட்ட சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார். வரிசையே சிரித்தது. சிரித்ததில் இன்னொருவர் மூடியைத் திறந்தபடி நின்றுவிட்டார். அவருக்கும் ஓர் அதட்டல்.

கடைசி ஆள் வந்தார், போட்டோ எடுக்கிறவர். அவருக்காக மீன் பாத்திரத்தைத் திறந்தபோது ஆவி குப்பென்று எழுந்து அவர் கண்ணாடியை மூடிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்குன்னு எப்பவும் ஆறினதுதான் மிஞ்சும், இங்கதான் சுடச்சுடக் கெடைக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தை போதாதா? டீ பரிமாறும்போது விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நாங்கள் மூவரும் மட்டும் பார்த்தோம். கேப்டன் அதற்கும் ஒரு சல்யூட் அடித்தார். போகும்போது சங்கச் செயலாளர் தங்கையிடம், இனி எங்கள் கூட்டம் எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, மாப்பிள்ளை, நீங்கள் தோற்றுவிட்டீர்கள். வாழ்த்துகள்.

இன்னும் டீசல் கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தத் தடவை கேப்டனின் மீனிலிருந்தே உதாரணம் எடுக்கிறேன். ஆல்கஹால் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை உண்டு, ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. சின்னதோ பெரியதோ, தலை மட்டும் ஒரே அளவு. அந்தத் தலையில் ஆக்சிஜன் ஏற்கெனவே கைகோத்தாகிவிட்டது. எரிந்த வீட்டில் மறுபடி எரிய என்ன இருக்கிறது? எடையில் ஏறுமே தவிரச் சூடு தராது. எத்தனாலைக் கிலோ கணக்கில் வாங்கினால் சின்ன மீன் வாங்கின மாதிரி, நிறையத் தலைகள், குறைவான சதை. புரோப்பனாலில் தலைகள் கொஞ்சம் குறைவு, அதனால்தான் கிராமுக்குக் கிராம் பார்த்தாலும் அது சற்று முந்துகிறது. பியூட்டனால் இன்னும் கொஞ்சம் முந்தும். ஆனால் பெரிதாகப் பெரிதாக அந்த முந்தல் சுருங்கிக்கொண்டே போகும், ஏற்கெனவே குறைந்துவிட்ட தலைகளில் இன்னும் குறைய என்ன மிச்சம் இருக்கிறது? உங்கள் டீசலோ நீளமான சங்கிலி, தலையே கிடையாது. முழுக்கச் சதை. அதனால்தான் அந்த இழுவை. தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும், கண்டக்டர்தான் காரணம்.

இனி எழுதத் தயங்குகிற ஒன்று. அன்று சாயங்காலம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. திட்டுவதாகச் சொல்லியிருந்தாளே, நான் தயாராகத்தான் நின்றேன். அவள் திட்டவில்லை. கவிழ்த்து வைத்த அண்டா ஒன்றின் மேல் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேப்டன் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். உங்களுக்குப் போன் போட்டு ஜெயித்ததைச் சொல்லேன் என்றேன். போனைக் கையில் எடுத்தாள், போடவில்லை. "எரநூறு பேருக்கு ஆவி பறக்கப் போட்டேன் அண்ணா. அவரு இன்னிக்கி என்னத்தச் சாப்ட்டாரோ, யாரு சூடு பண்ணிக் குடுத்தாங்களோ" என்றாள். பிறகு எழுந்து, கரி பிடித்திருந்த தட்டு ஒன்றை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் இதை உங்களிடம் சொல்ல மாட்டாள். ஜெயித்தவள் எப்படிச் சொல்வாள்? நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதீர்கள். கரண்டி நினைவிருக்கட்டும்.

நீங்கள் கடையை மூடச் சொல்லி இனிக் கேட்கக் கூடாது, அது பந்தயம். ஆனால் உங்களை இங்கே வரச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்று பந்தயத்தில் எங்கேயும் இல்லை. நேற்று பஸ் டெப்போ பக்கம் நடந்து போனேன். வாசலில் எஞ்சின் மெக்கானிக் தேவை என்று ஓர் அட்டை தொங்குகிறது. மழையில் நனைந்து எழுத்து கரைய ஆரம்பித்திருக்கிறது. சும்மா, தகவலுக்காகச் சொல்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்தேன், ஒரு எஞ்சின் கரும்புகையாகக் கக்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்றவருக்கு ஏன் என்றே தெரியவில்லை.

உங்கள் கைக்கு வேலையும், தட்டில் சூடான சோறும், எதிரில் பேச ஓர் ஆளும் என்றும் குறையாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

முடிக்கும் முன் வழக்கம்போல் ஒரு சோதனை. ஒரு பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பாத்திரம் நன்றாக ஆறிய பிறகு இரண்டு டம்ளர் வைத்துப் பாருங்கள். இரண்டு மடங்கு நேரம் ஆகாது, ஏனென்றால் பாத்திரம் ஒன்றுதானே, அதை எத்தனை பேருக்கானாலும் ஒரு தரம் சூடாக்கினால் போதும். ஆனால் ஒன்றை அங்கேயும் மற்றதை இங்கேயும் செய்தால் கணக்கு நிற்காது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில், ஒரே அடுப்பில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் மச்சான்